டோல் ரோடு டெண்டரில் தோற்றவருக்கும் பணம்: டெக்சாஸ் சட்டம் ஏன் இப்படி?

பிளேனோ பாலா (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நான் சாலைத் துறை ஆள் இல்லை, மென்பொருள். வீடு டாலஸ் அருகே பிளேனோ, வேலை கிரேப்வைன் பக்கம். 121-இல், அதாவது சாம் ரேபர்ன் டோல்வேயில்தான் தினமும் போக்குவரத்து. மாதக் கடைசியில் டோல்டேக் கணக்கைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அதனால்தான் இந்த விஷயத்தின் பக்கமே என் கவனம் போனது.

போன வாரம் அலுவலக நண்பர் ஒருவர், "டெக்சாஸில் டோல் ரோடு டெண்டரில் தோற்ற கம்பெனிக்கும் அரசு பணம் கொடுக்கும், தெரியுமா?" என்றார். புருடா விடுகிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து மாநிலப் போக்குவரத்துச் சட்டத்தொகுப்பைத் திறந்தால், 223.203 பிரிவில் அது அப்படியே இருக்கிறது. விருப்பப்பட்டால் கொடுக்கலாம் என்றுகூட இல்லை. முறையான முன்மொழிவு கொடுத்துத் தோற்றவருக்குத் துறை பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது.

என் அப்பா திருச்சியில் சின்னச் சின்ன அரசு வேலைகள் எடுத்துச் செய்தவர். டெண்டர் படிவத்துக்குக் காசு, ஈஎம்டிக்கு, அதாவது முன்வைப்புத் தொகைக்கு, டிராஃப்ட், எல்லாம் அவர் கையிலிருந்துதான் போகும். வேலை வேறொருவருக்குப் போய்விட்டால், கட்டிய ஈஎம்டி திரும்பி வருவதற்கே பல முறை அலைவார். அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது பெண் பார்க்க வந்த எல்லா மாப்பிள்ளை வீட்டாருக்கும் பயணப்படி கொடுப்பது போல இருக்கிறது.

இதில் நியாயம் என்ன? தொகை எவ்வளவு இருக்கும்? என் டோல் காசிலிருந்தா போகிறது? பணம் கொடுத்து வாங்கிய அந்தத் திட்டங்களை அரசு எதற்காவது பயன்படுத்துகிறதா, இல்லை அலமாரியில் தூங்குகின்றனவா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

எஸ்டிமேட் சண்முகம்

பாலா, நான் ஹூஸ்டனில் இருக்கிறேன். ஏல அணிகளில் அளவு கணக்கிடுவதும் விலை போடுவதும்தான் என் பிழைப்பு. ஜெயித்த அணியிலும் இருந்திருக்கிறேன், தோற்ற அணியிலும் இருந்திருக்கிறேன். நிறுவனங்களின் பெயர் மட்டும் கேட்காதீர்கள்.

முதலில் உங்கள் டோல் காசு. 121-இல் நீங்கள் கட்டுவது என்டிடிஏவுக்குப் போகிறது, அதாவது வட டெக்சாஸ் டோல் ஆணையத்துக்கு. நீங்கள் பார்த்த பிரிவு மாநிலப் போக்குவரத்துத் துறை, டெக்ஸ்டாட், தன் ஒப்பந்தங்களில் கொடுக்கும் பணத்தைப் பற்றியது. இரண்டும் வேறு வேறு பை. உங்கள் வயிற்றெரிச்சலுக்கு வேறு காரணம் உண்டு, அதை டாலஸ்காரர்கள் யாராவது சொல்லட்டும்.

இப்போது நியாயத்துக்கு வருகிறேன். உங்கள் அப்பா போட்ட டெண்டரையும் இதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். அவருக்கு அரசே வரைபடம் கொடுத்திருக்கும், பி.ஓ.கியூ. என்ற அளவுப் பட்டியல் கொடுத்திருக்கும். இத்தனை கன மீட்டர் மண், இத்தனை டன் கம்பி என்று எல்லாம் எழுதியிருக்கும். அவர் விலையை மட்டும் நிரப்பினால் போதும். எல்-1, அதாவது மிகக் குறைந்த விலை போட்டவர், யார் என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

இங்கே கதை வேறு. 2003-இல் டெக்சாஸ் சட்டமன்றம் எச்பி 3588 என்ற பெரிய சட்டத்தை நிறைவேற்றியது. அன்றைய ஆளுநர் ரிக் பெர்ரியின், மாநிலம் முழுக்க டோல் சாலைகள் போடும் டிரான்ஸ்-டெக்சாஸ் காரிடார் கனவுக்கு வழி போட்ட சட்டம் அது. வடிவமைப்பு, கட்டுமானம், நிதி, பராமரிப்பு, டோல் வசூல் எல்லாவற்றையும் ஒரே ஒப்பந்தமாகத் தனியாரிடம் கொடுக்கும் முறைக்கு அதில்தான் பெரிய கதவு திறந்தது. காம்ப்ரிஹென்சிவ் டெவலப்மென்ட் அக்ரிமென்ட் என்று பெயர், சிடிஏ என்று சுருக்கமாகச் சொல்வோம். இந்த முறையில் அரசு கையில் முழு வரைபடம் இருக்காது. எங்கிருந்து எங்கே, எத்தனை லேன், எந்தத் தரம் என்பது இருக்கும். மீதியை ஏலம் கேட்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த மீதி என்றால் என்னவென்று சொல்கிறேன். முதலில் தகுதிச் சுற்று. அதில் தேறிய மூன்று நான்கு அணிகளிடம் மட்டும் விரிவான முன்மொழிவு கேட்பார்கள். அதன் பிறகு மாதக்கணக்கில் வேலை. பாலத்தின் தூண் எங்கே வரும், பீம் எவ்வளவு நீளம், தடுப்புச் சுவர் எந்த வகை, மழைநீர் எந்தப் பக்கம் வடியும் என்று கணிசமான அளவு வடிவமைப்பை முடித்தால்தான் எனக்கு அளவு எடுக்க முடியும். அரசு கொடுத்த போர் லாக், அதாவது துளையிட்டு எடுத்த மண் பரிசோதனைக் குறிப்பு, போதாவிட்டால் சொந்தச் செலவில் கூடுதலாகத் துளையிட்டு மண் பார்க்க வேண்டும். ஹூஸ்டன் களிமண்ணை நம்பி விலை போட்டால் தெருவுக்கு வந்துவிடுவோம், ஈரத்தில் ஊதிக் காய்ச்சலில் சுருங்கும் மண் அது. கட்டும்போது ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளை எந்தக் கட்டத்தில் எந்தப் பக்கம் திருப்புவது என்பதற்குத் தனியாக ஒரு வரைபடக் கட்டு. டோல் திட்டம் என்றால் இத்தோடு போக்குவரத்து, வருமானக் கணிப்பு வேறு. ஐம்பது வருடத்துக்கு எத்தனை வண்டி வரும் என்று ஒரு ஆலோசனை நிறுவனம் கணித்துக் கொடுக்கும். அதைக் கடன் கொடுப்பவரின் ஆலோசகர் நம்ப மாட்டார், தனியாக ஒரு கணிப்பு செய்வார். அப்புறம் வக்கீல்கள். அவர்கள் மணிக்கணக்கில் பில் போடுபவர்கள் என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

சமர்ப்பிக்கும் நாள் நெருங்கும்போது துணை ஒப்பந்தக்காரர்களின் விலைகள் கடைசி நிமிடம் வரை வந்துகொண்டே இருக்கும். கம்பி விலை ஒன்று மாறினால் கீழே இருக்கும் எல்லாம் மாறும். அந்த ராத்திரிகளில் அலுவலகத்தில் பீட்சா வாடை போகவே போகாது. இவ்வளவும் முடிந்து ஒருவர்தான் ஜெயிப்பார்.

இந்தச் செலவை யாரும் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள் என்றால் என்ன ஆகும்? பெரிய வயிறு உள்ள இரண்டு பன்னாட்டு நிறுவனங்கள் மட்டும் வரும். போட்டி குறையும், விலை ஏறும். 2002 இறுதியில் மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் வெளியிட்ட, வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் ஒருவரிடமே கொடுக்கும் டிசைன்-பில்ட் முறைக்கான விதிகளில் இது வெளிப்படையாகவே இருக்கிறது. போட்டியை ஊக்குவிக்க, தோற்றவரின் செலவில் ஒரு பங்கை ஈடுகட்ட, சிறிய நிறுவனங்கள் பின்தங்காமல் இருக்க, இந்த மூன்றுக்காகப் பெரிய திட்டங்களில் பணம் கொடுக்கலாம் என்கிறது. எவ்வளவு? வழக்கமாக, முன்மொழிவு தயாரிக்க ஆகும் என்று மதிப்பிட்ட செலவில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை. அதற்கு மத்திய நிதியைப் பயன்படுத்தவும் அந்த விதி இடம் கொடுக்கிறது.

ஒரு பேச்சுக்கு, ஒரு அணிக்கு 60 லட்சம் டாலர் செலவானது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த விகிதப்படி 20 முதல் 30 லட்சம் திரும்பி வரும். மீதி கைநஷ்டம்தான். தோற்றுச் சம்பாதித்தவன் என்று இந்தத் தொழிலில் யாரையும் நான் பார்த்ததில்லை. தோற்ற அடுத்த மாதம் மேசையைக் காலி செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, நீங்கள் அந்தப் பிரிவை முழுக்கப் படித்தீர்களா? அது ஆறுதல் பரிசு கொடுக்கவில்லை, சரக்கு வாங்குகிறது. முன்மொழிவில் இருக்கும் வேலைக்கு ஈடாகத்தான் தொகை. பணம் கைமாறியதும் அந்த வடிவமைப்பு, முறை, உத்தி எல்லாவற்றிலும் துறைக்கும் கூட்டு உரிமை வந்துவிடும்.

---

கரூர் கண்ணன்

சண்முகம் சார், நல்ல விளக்கம். ஆனால் நான் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறேன், எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. நாங்கள் நெடுஞ்சாலை வேலைகளில் சப்-காண்டிராக்ட் எடுப்பவர்கள்.

இங்கே தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் ஆவணங்களில் நேராகவே போட்டிருக்கும். ஏலம் தயாரிக்கும் செலவு முழுவதும் ஏலதாரருடையது, முடிவு எதுவானாலும் ஆணையம் பொறுப்பில்லை. சாலையைப் பார்க்கப் போன டீசல் செலவு முதல் எல்லாம் நம் தலையில். மாநில வேலைகள் 1998 டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அங்கேயும் தோற்றால் ஈஎம்டி திரும்பும், கூடுதலாக ஒரு பைசா கிடையாது. அதனால் இங்கே யாரும் ஏலத்துக்கு வராமல் போய்விட்டார்களா என்ன?

என் பயம் வேறு. தோற்றாலும் காசு உண்டு என்று எங்கள் ஊரில் சட்டம் போட்டால், அடுத்த நாளே மச்சான் பெயரில் ஒன்று, சகலை பெயரில் ஒன்று என்று மூன்று கம்பெனி முளைத்துவிடும். ஒருவர் ஜெயிப்பார், இரண்டு பேர் ஸ்டைபெண்ட், அதாவது தோற்றவருக்கான அந்தப் பணம், வாங்குவார்கள், ராத்திரி ஒரே வீட்டில் பங்கு பிரிப்பார்கள். டெக்சாஸில் மட்டும் மச்சான்கள் இல்லையா?

---

எஸ்டிமேட் சண்முகம்

மச்சான்கள் இல்லாத ஊர் எது கண்ணன்!

சரி, ஒவ்வொன்றாக வருகிறேன். இந்தியாவில் அந்தப் பணம் இல்லாமல் ஓடுவதற்குக் காரணம், தோற்பவர் செய்யும் வேலை குறைவு. நான் இங்கே வருவதற்கு முன் சென்னையில் தேசிய நெடுஞ்சாலை பேக்கேஜ்களுக்கு விலை போட்டிருக்கிறேன். ஆணையமே ஒரு ஆலோசகரை வைத்து டிபிஆர், அதாவது விரிவான திட்ட அறிக்கை, தயாரித்துக் கையில் கொடுக்கும். அது எந்த லட்சணத்தில் இருக்கும் என்பது நாமிருவரும் அறிந்ததே, ஆனாலும் ஒன்று இருக்கும். விரிவான வடிவமைப்பு எல்லாம் வேலை கிடைத்த பிறகுதான். தனியார் கட்டி, டோல் வசூலித்து, பிறகு அரசிடம் ஒப்படைக்கும் பிஓடி டோல் என்றால் வண்டி எண்ணச் சொந்தமாக ஆட்களை நிறுத்துவோம், வங்கிக்காரர்களோடு உட்காருவோம். செலவுதான், ஆனால் இங்கே ஆகும் செலவோடு ஒப்பிட முடியாது. டெக்சாஸ் முறையில் அந்த டிபிஆர் வேலையில் பெரும்பகுதியை மூன்று நான்கு அணிகள் தனித்தனியாகச் செய்கின்றன. அதில் தோற்ற அணிகளின் வேலையை அரசு வழக்கமாகப் பாதி விலைக்கோ அதற்கும் குறைவாகவோ வாங்கிக்கொள்கிறது. அப்படிப் பார்த்தால் மலிவு.

அடுத்து மச்சான் விவகாரம். ரோட்டோரம் போகிறவன் எல்லாம் இந்த ஏலத்துக்குள் நுழைய முடியாது. தகுதிச் சுற்றில் இதே அளவுத் திட்டம் கட்டியிருக்கிறாயா, பத்திர உத்தரவாதம் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று துருவுவார்கள். உள்ளே வந்தாலும், கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும் முறையான முன்மொழிவாக இருந்தால்தான் பணம். அதற்கு மேல் ஒரு உச்சவரம்பு: முன்மொழிவில் துறைக்கு உண்மையிலேயே பயன்படக்கூடிய வேலையின் மதிப்பைத் தாண்டித் தொகை போகக் கூடாது, அந்த மதிப்பைத் துறைதான் தீர்மானிக்கும். பங்கு பிரிக்க ஆசைப்படுபவர் முதலில் முழுச் செலவையும் செய்துவிட்டு அதில் ஒரு பகுதியைத்தான் திரும்ப வாங்க முடியும். அந்தக் கணக்கு உங்கள் சகலைக்கே கட்டுப்படியாகாது.

எனக்குக் குறை இல்லாமல் இல்லை. 'துறை தீர்மானிக்கும்' என்ற இடத்தில்தான் என் குறை. தொகையை ஏல ஆவணத்தில் முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும் என்பதும் சட்டம்தான். முன்மொழிவு வருவதற்கு முன்பே அதன் மதிப்பு எப்படித் தெரியும்? ஒரு மதிப்பீட்டில் போடுகிறார்கள். பிறகு நான்கு அணியின் சரக்கும் வந்து சேர்ந்த பின், எது உதவியது, எது உதவவில்லை என்று யாராவது உட்கார்ந்து பார்க்கிறார்களா? பார்த்தாலும் பொதுமக்களுக்குச் சொல்கிறார்களா?

பாலா கேட்டார் இல்லையா, அலமாரியில் தூங்குகின்றனவா என்று. என் அனுபவத்தில் இரண்டும் உண்டு. ஏலத்தின் நடுவிலேயே ஏடிசி, அதாவது மாற்றுத் தொழில்நுட்ப யோசனை, என்று ஒன்று நடக்கும். துறை வைத்த அடிப்படை யோசனைக்குப் பதிலாக, "இந்த இடத்தில் பாலமே வேண்டாம், சாலையைக் கீழே இறக்கினால் இவ்வளவு மிச்சம்" என்று ஒவ்வொரு அணியும் தனியாக, ரகசியமாகச் சொல்லும். தோற்ற அணியின் அப்படி ஒரு யோசனை, பணம் கொடுத்துவிட்டால், ஜெயித்த அணியின் வரைபடத்துக்குள் போகலாம். நான் அளவு எடுத்த ஒரு சந்திப்பு வடிவம் வேறொருவர் கட்டிய சாலையில் நிற்பதை வண்டியில் போகும்போது பார்த்தேன். கோபம் வரவில்லை. வடிகாலை மட்டும் கெடுத்துவிட்டார்களே என்றுதான் இருந்தது.

---

நளினி (ஆஸ்டின்)

நான் வழக்குரைஞர். சாலை ஒப்பந்தம் என் துறை இல்லை, அரசு ஆவணங்களைக் கேட்டு வாங்குவது என் அன்றாட வேலை. சண்முகம் சார் சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன்.

அவர் பார்த்த அந்தச் சந்திப்பு விஷயத்தில் சட்டம் யார் தலையில் பொறுப்பைப் போடுகிறது என்பதைக் கவனியுங்கள். தோற்றவரின் வடிவமைப்பில் ஒரு பகுதியைத் துறை எடுத்துப் பயன்படுத்தினால் அது துறையின் சொந்தத் துணிச்சலில்தான். நாளைக்கு அதில் கோளாறு வந்தால், பணம் வாங்கியதற்காகத் தோற்றவரைப் பிடித்து இழுக்க முடியாது. அவரும் அதே வேலையை வேறு இடத்தில் பயன்படுத்திக்கொள்ளலாம், அதற்குத் துறை பொறுப்பில்லை. மத்திய விதியிலும் இதற்கு ஒத்த ஏற்பாடு உண்டு. மாநிலச் சட்டம் தடுக்காவிட்டால், பணத்தை ஏற்றுக்கொண்டவர்களின் யோசனைகளைப் பயன்படுத்தும் உரிமையைத் துறை வைத்துக்கொள்ளலாம்.

பாலா, பொதுமக்களுக்குச் சொல்கிறார்களா என்று சண்முகம் சார் கேட்டதற்கு அடுத்த பிரிவையே பாருங்கள், 223.204. இறுதி ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை முன்மொழிவுகள் ரகசியம். யாரும் கேட்டு வாங்க முடியாது. அது நியாயம்தான், இல்லாவிட்டால் ஒருவர் யோசனையை மற்றவர் பார்த்துவிடுவார். ஆனால் இறுதித் தரவரிசை முடிந்ததும், ஒவ்வொரு அளவுகோலிலும் யாருக்கு என்ன இடம் என்பது ரகசியம் இல்லை. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு அந்தப் பிரிவின் கதவும் திறந்துவிடும். அதன் பிறகு டெக்சாஸ் பொதுத் தகவல் சட்டத்தின் கீழ் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கொடுக்க மனமில்லாவிட்டால் துறை சும்மா இருந்துவிட முடியாது, பத்து வேலை நாட்களுக்குள் மாநில அட்டர்னி ஜெனரலிடம் போய் விலக்குக் கேட்க வேண்டும். வணிக ரகசியம் என்று நிறுவனங்கள் சிலவற்றை மறைக்கப் பார்க்கும், அதில் அவர்களுக்குச் சட்டத்தில் இடமும் உண்டு. கொடுத்த தொகை எவ்வளவு என்பதை அப்படி மறைப்பது கடினம்.

இன்னொரு விஷயம். இந்த சிடிஏ முறையே டெக்சாஸில் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. துறைக்கு இருந்த அதிகாரம் 2017-இல் காலாவதியானது, அதை நீட்டிக்க வந்த மசோதா அந்த ஆண்டு கீழவையில் தோற்றது. 2014, 2015 வாக்கெடுப்புகளில் நிறைவேறிய அரசியல் சட்டத் திருத்தங்கள் சாலைக்குக் கொண்டுவந்த புதுப் பணத்தை டோல் சாலைக்குச் செலவிடக் கூடாது. அதனால் இன்று தோற்றவருக்கான பணம் என்பது பெரும்பாலும் டோல் இல்லாத டிசைன்-பில்ட் ஒப்பந்தங்களில்தான் வரும். அவற்றுக்குச் சட்டத்தில் தனி உட்பிரிவு இருக்கிறது, 2011-இல் சேர்த்தது. நிபந்தனைகள் இதே சாயல்தான்.

---

இர்விங் வாசன்

பாலாவின் வயிற்றெரிச்சலுக்கு நான் பதில் சொல்கிறேன். 2007-இல் நான் இங்கேதான் இருந்தேன். நாளிதழில் தினமும் இதுதான் செய்தி.

நீங்கள் ஓட்டும் 121-ஐத் தனியாருக்கு விட டெக்ஸ்டாட் முறைப்படி ஏலம் நடத்தியது. 2007 பிப்ரவரியில் ஸ்பெயினின் சின்ட்ரா நிறுவனம் ஜெயித்தது. ஐம்பது வருட உரிமைக்கு முன்பணமாகவே சுமார் 210 கோடி டாலர், அதற்கு மேல் வருடா வருடம் கொஞ்சம். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தோம். அப்போது மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் சில செனட்டர்கள், உள்ளூர் அரசு அமைப்பான என்டிடிஏ இருக்கும்போது வெளிநாட்டு நிறுவனம் எதற்கு என்று கிளம்பினார்கள். அதுவரை இந்தப் போட்டியில் ஒதுங்கியிருந்த என்டிடிஏ உள்ளே வந்தது. சின்ட்ராவின் எண் ஊருக்கே தெரிந்த பிறகு! மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் இது முறையில்லை என்று எச்சரித்தது. யார் கேட்டார்கள்? ஜூனில் வட்டாரப் போக்குவரத்துக் கவுன்சில் என்டிடிஏ பக்கம் வாக்களித்தது, மாநில ஆணையமும் ஒப்புக்கொண்டது. வருடக் கடைசியில் என்டிடிஏ ஏறக்குறைய 320 கோடி டாலரை மாநிலத்துக்குக் கட்டியது. அந்தப் பணத்தில் இந்த வட்டாரத்தில் பல சாலைகள் வந்தன, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்டிடிஏ அதைக் கடன் வாங்கித்தான் கட்டியது. அந்தக் கடனை அடைப்பவர்களில் நீங்களும் ஒருவர், பாலா.

அதே ஜூனில்தான் எஸ்பி 792 என்ற மசோதா சட்டமானது. தனியார் டோல் ஒப்பந்தங்களுக்கு இரண்டு வருடத் தடை. தடை என்று பெயர், விலக்குகள் நிறைய. எல்பிஜே, நார்த் டாரன்ட் எக்ஸ்பிரஸ் என்ற இந்த வட்டாரத்து டோல் லேன் திட்டங்கள் இரண்டும் அந்த விலக்கில் தப்பி 2009-இல் சின்ட்ரா தலைமையிலான அணிகளுக்கே போயின. 121-ஐ இழந்தவர்களுக்கு அதுவே போதுமான மருந்து என்று அப்போது கேலி பேசினோம்.

---

எஸ்டிமேட் சண்முகம்

வாசன் அண்ணா இதைத் தொட்டது நல்லது. எனக்குச் சொல்ல வேண்டியிருந்ததே இதுதான்.

தோற்றவருக்குக் கொடுக்கும் பணத்தைப் பார்த்து மக்கள் கொதிக்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரிகிற சின்னத் தொகை, முன்கூட்டியே அறிவித்தது, உச்சவரம்பு உள்ளது, பதிலுக்குச் சரக்கு வருகிறது. பெரிய தொகைகள் போவது வேறு வழியில். 121-இல் ஜெயித்தவரை நடுவில் மாற்றினார்கள். அந்த ஒரு நிகழ்வுக்குப் பிறகு, டெக்சாஸில் ஏலம் கேட்கும் ஒவ்வொரு அணியும் "ஜெயித்த பிறகும் பறிபோகலாம்" என்ற அபாயத்தை மனதில் ஒரு வரியாக வைத்திருக்கும். அது எந்தத் தாளிலும் தனி வரியாக வராது. லாப விகிதத்துக்குள் ஒளிந்துகொள்ளும். அந்த வரியை நானே போட்டிருக்கிறேன்.

அல்லது 288-ஆம் எண் நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள், என் வீட்டுப் பக்கம். ஹூஸ்டனின் தெற்கே டோல் லேன்கள். 2016-இல் ஒரு தனியார் குழுவோடு ஒப்பந்தம், 2020-இல் திறந்தார்கள். நான்கே வருடத்தில், 2024-இல், ஒப்பந்தத்தில் இருந்த ஒரு விதியைப் பயன்படுத்தி மாநிலமே அதைத் திரும்ப வாங்கியது. சுமார் 170 கோடி டாலர். வாங்கியது சரியா தவறா என்பது தனி விவாதம், நான் சரி என்பேன், அந்த லேன்களில் வசூலித்த கட்டணம் அப்படி. ஆனால் அந்த ஒரே காசோலையில் எத்தனை திட்டங்களின் தோற்றவர்களுக்குப் பணம் கொடுத்திருக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எஸ்எச் 130 என்ற மாநில நெடுஞ்சாலையின் தெற்குப் பகுதி இன்னொரு கதை. மணிக்கு 85 மைல் வேகம் அனுமதிக்கும் சாலை, 2012-இல் திறந்தது, 2016-இல் திவால் நீதிமன்றத்தில் நின்றது. நான் மேலே சொன்ன அந்த ஐம்பது வருடக் கணிப்பு எவ்வளவு தூரம் தப்பும் என்பதற்கு அதுவே சாட்சி.

---

கரூர் கண்ணன்

சார், டிபிஆர் விளக்கம் எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனாலும் மச்சான் விஷயத்தில் நான் முழுசாக இறங்கி வரவில்லை. தகுதிச் சுற்றைத் துருவிப் பார்க்கும் அதிகாரி நேர்மையானவராக இருக்க வேண்டும், மதிப்பைத் தீர்மானிக்கும் அதிகாரியும் நேர்மையாக இருக்க வேண்டும். இரண்டு நேர்மை ஒரே அலுவலகத்தில் கேட்கிறீர்கள்.

ஒன்று கேட்கிறேன். பணம் வேண்டாம், என் யோசனை எனக்கே இருக்கட்டும் என்று தோற்றவர் சொல்லலாமா?

---

எஸ்டிமேட் சண்முகம்

சொல்லலாம். ஏல ஆவணம் எப்படி எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது, ஆனால் பொதுவாகப் பணத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டால்தான் உரிமை போகும். அடுத்த திட்டத்தில் அதே உத்தியை வைத்து ஜெயிக்கலாம் என்று நம்பும் அணி சில நேரம் மறுப்பதைப் பற்றிப் பேசும். பேசும், அவ்வளவுதான். நிதி மேலாளர் அறைக்குள் வந்ததும் அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

இரண்டு நேர்மை பற்றிச் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் நளினி சொன்ன அந்தத் தகவல் உரிமைக் கதவு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

---

பிளேனோ பாலா

அனைவருக்கும் நன்றி. நண்பரிடம் பாதி தோற்றேன், பாதி ஜெயித்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன். வாசன் அண்ணா, கடன் விஷயம் தெரியாமலே இருந்திருக்கலாம்.

நளினி மேடம், எல்பிஜே திட்டத்துக்குத் தகவல் கேட்டு எழுதலாம் என்று இருக்கிறேன். எதைக் கேட்பது? 'எல்லாம் கொடுங்கள்' என்றால் கட்டணம் தீட்டிவிடுவார்களோ?

---

நளினி (ஆஸ்டின்)

தீட்டுவார்கள். குறிப்பாகக் கேளுங்கள். முதலில் ஏல ஆவணத்தில் 'ஏலதாரருக்கான அறிவுரைகள்' என்ற பகுதி. தொகையும் நிபந்தனையும் அதில்தான் இருக்கும், பல திட்டங்களுக்கு அது இணையத்திலேயே கிடைக்கலாம், கேட்பதற்கு முன் தேடிவிடுங்கள். அடுத்து இறுதித் தரவரிசை. பிறகு தோற்றவர்களுக்குப் பணம் கொடுத்ததற்கான பதிவு. கடைசியாக, வாங்கிய முன்மொழிவுகளில் எந்தப் பகுதியைத் துறை பயன்படுத்தியது என்று ஏதாவது உள் குறிப்பு இருந்தால் அதன் நகல். இந்தக் கடைசிக்கு 'அப்படி ஆவணம் எதுவும் இல்லை' என்று பதில் வர வாய்ப்பு அதிகம். இல்லாத ஒன்றை உங்களுக்காகப் புதிதாகத் தயாரிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் 'இல்லை' என்ற அந்தப் பதிலை எழுத்தில் வாங்கிவிட்டால் உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் எடுத்துப் போகலாம்.

---

எஸ்டிமேட் சண்முகம்

அந்தப் பதில் வந்தால் இங்கே போடுங்கள் பாலா. வடிகால் சம்பந்தமாக ஏதாவது இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.